ஆல்டர்விக் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு

மகன் செத்துப்போன சேதி வந்தபோது சண்முகவள்ளி சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். அய்யனார் வரப்பில் வந்து நின்றார். போனைக் காதில் வைக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"முகேசு போயிட்டானாம், வள்ளி."

எங்கே போயிட்டான் என்று கேட்கத்தான் அவளுக்கு வாய் வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. காலடியில் பாத்தி நிறைந்து வழியப் பார்த்தது. மண்வெட்டியால் மடையை அடைத்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். அதற்கப்புறம்தான் வரப்பேறி வந்தாள்.

பக்கத்துத் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த மலர்விழி இதைப் பார்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. "பெத்த பிள்ளை செத்த சேதியைக் கேட்டுட்டு மடை மாத்துனா பாரு!" என்றார்கள். கோபமாக யாரும் சொல்லவில்லை. பயந்துபோய்த்தான் சொன்னார்கள்.

சண்முகவள்ளி பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற பூமி. காந்திகிராமத்துக்குத் தெற்கே இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான், பூவைக்கூட வயலில் விளைவிப்பார்கள் என்று கண்ணால் பார்த்தாள். மல்லிகையும் சம்பங்கியும் செண்டுமாகப் பயிர் பண்ணி, பறித்து, மூட்டை கட்டி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் கொண்டுபோகிற வேலையை வந்த வருஷமே கற்றுக்கொண்டாள். பிறந்தது ஒரே பிள்ளை, முகேஷ்குமார். அவனுக்குப் பூ என்றாலே ஆகாது. விடியுமுன் எழுப்பி மல்லிகை பறிக்க இழுத்துக்கொண்டு போனதில் வந்த வெறுப்பு அது. பாலிடெக்னிக் படித்தான், மில்லில் சூப்பர்வைசர் ஆனான். பழனிக்குப் பக்கத்தில் கீரனூரிலிருந்து நர்ஸ் படித்த புவனேஸ்வரியைக் கட்டிவைத்தார்கள். புவனாவுக்கு இங்கிலாந்தில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற விடுதி ஒன்றில் வேலை கிடைத்தது. முதலில் அவள் போனாள். பிறகு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகேஷும் போனான். ஆல்டர்விக் என்று ஒரு சின்ன ஊர். இங்கே எல்லாருக்கும் அது லண்டன்தான்.

அங்கே அவனுக்குப் பக்கத்து டவுனில் குடோன் வேலை. தினமும் ரயிலில் போக வேண்டும். ஒருநாள் காலையில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, பிளாட்பாரத்திலேயே நெஞ்சு அடைத்துக்கொண்டது. வயசு முப்பத்திநாலு. ஒரு காய்ச்சல் தலைவலி என்று படுத்ததில்லை. அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதி, உடம்பைப் பெட்டியில் வைத்து அனுப்பப் பல நாள் ஆகிவிட்டது. மதுரை ஏர்போர்ட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது தெருவே கதறியது. சண்முகவள்ளி வாசலில் நின்று, கூட வந்தவர்களிடம், "காப்பி குடிச்சியளா? வெறும் வயித்தோட வந்தியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உறவுக்காரப் பொம்பிளைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "அழுதுரு வள்ளி. அழுதாத்தான் எறங்கும். உள்ளயே வச்சிருந்தா உன்னையும் கொண்டுபோயிரும்" என்று உலுக்கினார்கள். அவளும் முயன்று பார்த்தாள். முகேஷ் முதன்முதலாக நடந்தது, பள்ளிக்கூடத்தில் விழுந்து பல் உடைந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் யாரோ சொல்லிக் கேட்ட கதை போல வந்துவிட்டுப் போனது. பெட்டியில் கிடந்த முகத்தில் பவுடர் மாதிரி ஏதோ பூசியிருந்தார்கள். மீசையை ஒருபக்கமாக ஒதுக்கியிருந்தார்கள். அவன் அப்படிச் சீவமாட்டான் என்று மட்டும் பட்டது. விரலால் சரிசெய்துவிட்டாள்.

பெட்டியோடு வந்திருந்த புவனா, கருமாதி முடிந்த கையோடு குழந்தையுடன் திரும்பிப் போய்விட்டாள். லீவு அவ்வளவுதான். அதிலிருந்துதான் சோலைமலையின் பேச்சு ஆரம்பமானது. சோலைமலை அய்யனாருக்கு அண்ணன். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லை யாரும் தட்டியதில்லை. "புருஷன் போயிட்டான். அங்க தன்னந்தனியா ஒரு பொம்பளப் பிள்ளை என்ன பண்ணும்? நம்ம ரத்தம் அங்க எவனையோ அப்பான்னு கூப்பிட்டு வளரணுமா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். அய்யனார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சண்முகவள்ளி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

வருஷம் திரும்பப் போகிற சமயத்தில் புவனாவிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, இங்க ஸ்டேஷன்ல அவருக்காக ஒரு பெஞ்சு போடுறாங்களாமுங்க. பேரெல்லாம் எழுதி. ஸ்டேஷன்ல செடி கொடியைப் பார்த்துக்கிற ஆளுக கொஞ்சப் பேர் இருக்காங்க, வயசானவங்க. இவர் அவங்களோட சேர்ந்து பூவுக்குத் தண்ணி ஊத்துவாராமுங்க. எனக்கே தெரியாது."

"பூவுக்கா? முகேசா?"

"ஆமாங்க. நீங்க வாறீங்களா? டிக்கெட் நான் போடுறேன். எனக்குத் தனியாப் போக முடியலைங்க அத்தை."

அய்யனாருக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது. சண்முகவள்ளி மட்டும் போவது என்று முடிவானது. கிளம்புகிற நாளில் சோலைமலை வந்தார். "பெஞ்சு கிஞ்செல்லாம் இருக்கட்டும். நீ வரும்போது மருமகளும் பிள்ளையும் கூட வரணும். பக்குவமாச் சொல்லு. கேக்கலைன்னா பிள்ளையையாவது கூட்டிட்டு வா."

"சரி மாமா" என்றாள் சண்முகவள்ளி. எதற்கும் சரி என்று சொல்வது அவளுக்கு அப்போது சுலபமாக இருந்தது.

முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும் என்றார்கள். அவளுக்கு ஒன்றும் பிசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் கிடந்தது. கொடுத்ததைச் சாப்பிட்டாள். பக்கத்து சீட்டுக்காரன் தூங்கி அவள் தோளில் சாய்ந்தான், சாய்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஏர்போர்ட்டில் புவனா நின்றிருந்தாள். மெலிந்து, கழுத்து எலும்பு தெரிந்தது. பேத்தி மகிழினி அம்மாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றது.

புவனாவின் வீடு ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இரண்டு அறை. வந்து சேர்ந்ததிலிருந்து சண்முகவள்ளி சமையலைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். புவனா டூட்டிக்குப் போவாள், வருவாள், யூனிஃபார்மைத் துவைத்து ஹீட்டர் மேல் போடுவாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "தொட்டுக்க வெஞ்சனம் போட்டுக்கிறியா?" என்று ஒருத்தி கேட்பாள். "போதுமுங்க" என்று மற்றவள் சொல்வாள். முகேஷைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. அவன் செருப்பு கதவுக்குப் பின்னால் கிடந்தது. பெருக்கும்போது சண்முகவள்ளி அதைத் தூக்கி, பெருக்கிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

சோலைமலை சொல்லியனுப்பியதைப் பேச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அலுத்துப் போய் வந்திருக்கிறாள், நாளைக்குப் பேசலாம். நாளைக்கு லீவு, நிம்மதியாக இருக்கட்டும், அப்புறம் பேசலாம். இப்படியே தள்ளிக்கொண்டு போய், பெஞ்சு திறக்கிற நாளும் வந்துவிட்டது.

அன்று சனிக்கிழமை. வெயில் அடித்தது, ஆனால் சுடவில்லை. சண்முகவள்ளி பட்டுப் புடவைக்கு மேல் மருமகளின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். சரிவான தெருவின் கடைசியில் அது தெரிந்தது. கருங்கல்லில் கட்டிய சின்னக் கட்டிடம். கூரைமேல் ஒன்றையொன்று ஒட்டி நாலைந்து புகைக்கூண்டு. வாசலுக்கு மேல் ஒரு பெரிய கடிகாரம். வெளிக்கேட்டை எட்டியதும் புவனா நின்றுவிட்டாள்.

"என்ன கண்ணு?"

"அன்னைக்கு அப்புறம் நான் இங்க வரலைங்க அத்தை. டவுனுக்குப் போறதுன்னாக்கூட ரெண்டு பஸ் மாறித்தான் போறேன்."

சண்முகவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்கு என்று சொல்ல முடியாது. ரோட்டைத் தாண்டும்போது பிடிக்கிற பிடிதான். மூன்று பேருமாக உள்ளே போனார்கள்.

பிளாட்பாரத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். சிலர் மஞ்சள் சட்டை மாட்டியிருந்தார்கள். கென் என்ற நெட்டையான பெரியவர் முன்னால் வந்து, இரண்டு கையாலும் சண்முகவள்ளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஸ்டேஷனில் ஒருகாலத்தில் சிக்னல் வேலை பார்த்தவராம். என்ன பேசுவது என்று தெரியாமலோ என்னவோ, ஸ்டேஷனைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல புவனா பாதியை மட்டும் தமிழில் சொன்னாள்.

"கட்டி நூத்தெழுபது வருஷத்துக்கு மேல ஆச்சாமுங்க. இந்தத் தூண் எல்லாம் அப்ப வார்த்த இரும்பாம். நடுவுல ஒரு சமயம் லாபம் இல்லைன்னு மூடப் பார்த்தாங்களாம், ஊர்க்காரங்க எல்லாம் சேர்ந்து போராடித் தடுத்தாங்களாமுங்க."

சண்முகவள்ளி தலையாட்டினாள். இரும்புத் தூண்களுக்குப் பச்சையும் வெண்ணெய் நிறமும் மாற்றி மாற்றி அடித்திருந்தார்கள். கூரையின் ஓரத்தில் மரப்பலகையை வரிசையாகக் கூர் கூராக வெட்டித் தொங்கவிட்டிருந்தது, கல்யாண வீட்டுத் தோரணம் போல. தண்டவாளத்தைத் தாண்ட ஒரு இரும்புப் பாலம். பயணிகள் அறைக்குள் கரி போட்டு எரிக்கிற அடுப்பு, அதன்மேல் பழைய போட்டோக்கள். தொப்பி வைத்த ஆட்கள் ஒரு கரி இஞ்சினுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அம்புட்டுப் பேரும் செத்துப்போயிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அது ஒரு தகவல் போலத்தான் தோன்றியது.

அவள் கண் தரையிலேயே ஓடியது. எந்த இடம்? இந்தத் தூணுக்குப் பக்கத்திலா? அந்தப் படிக்கட்டுக்குக் கீழா? பிளாட்பாரம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கல்லாக இருந்தது.

பூத்தொட்டிகள் நெடுக இருந்தன. பாதி வெட்டிய மரப்பீப்பாய்களில் சிவப்பும் ஊதாவுமாக அவளுக்குப் பெயர் தெரியாத பூக்கள். ஒன்றில் மட்டும் செண்டுப்பூ. நம்மூர்ச் செண்டு மாதிரி இல்லை, குட்டையாக, சின்னப் பூவாக இருந்தது. கிட்டப் போய் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். வாசம் அதேதான்.

பெஞ்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மகிழினியை விட்டுத் துணியை இழுக்கச் சொன்னார்கள். குழந்தை இழுத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். முதுகுப் பலகையில் ஒரு பித்தளைத் தகடு. புவனா அதைப் படித்தாள்.

"என்ன போட்டுருக்கு?"

"முகேஷ்குமார். இங்கே ரயிலுக்குக் காத்திருந்தார். எங்கள் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதானுங்க."

"சரியாத்தான் போட்டுருக்காக" என்றாள் சண்முகவள்ளி.

கென் ஏதோ கேட்டார். "நீங்க ரெண்டு வார்த்தை சொல்றீங்களான்னு கேக்குறாருங்க அத்தை." எல்லா முகமும் அவளைப் பார்த்துத் திரும்பியது. அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருந்தது. ஒருத்தி கைக்குட்டையைக்கூட எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். சண்முகவள்ளிக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எல்லாரும் சாப்ட்டாகளான்னு கேளு" என்றாள்.

புவனா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் ஏதோ நன்றி சொன்னாள்.

டீயும் கேக்கும் கொடுத்தார்கள். அப்போது ஒரு வயதான அம்மாள் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் நின்றாள். குட்டையான உடம்பு, வெள்ளைத் தலை. பெயர் பார்பரா. அன்றைக்கு முகேஷ் விழுந்தபோது கூட இருந்தவள் இவள்தான் என்று கென் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். புவனா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

பார்பரா மெதுவாக, விட்டு விட்டுப் பேசினாள். புவனா அதை அப்படியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஒருநாள் இவங்க தண்ணி வாளியைத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்தப்ப, அவர் போய் வாங்கிக்கிட்டாராம். அதுல இருந்து தினமும் வண்டி வர்ற வரைக்கும் அவர்தான் ஊத்துவாராம். அதிகம் பேசமாட்டாராமுங்க. அன்னைக்கும் ஊத்திக்கிட்டு இருந்தாராம். அந்தக் கடைசித் தொட்டிகிட்ட வாளியைக் கீழ வச்சாராம். வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாராம். என்னன்னு கேட்டதுக்கு நெஞ்சைத் தொட்டுக் காமிச்சாராம். இவங்களும் தரையிலேயே உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். ஆம்புலன்ஸுக்கு ஒருத்தர் போன் பண்ணிக்கிட்டு இருந்தாராம்."

பார்பரா நிறுத்தினாள். பிறகு ஏதோ சொன்னாள். புவனா உடனே திருப்பிச் சொல்லவில்லை.

"என்ன சொல்லுறாக?"

"அவர் தமிழ்ல ஏதோ சொன்னாராமுங்க. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப. அர்த்தம் தெரியாம இந்த ஒரு வருஷமா இவங்க அதையே நினைச்சுக்கிட்டு இருந்தாங்களாம். சொல்லிக் காட்டவான்னு கேக்குறாங்க."

சண்முகவள்ளி அந்த அம்மாளைப் பார்த்தாள். பார்பரா உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டு சொன்னாள். "செத்தெரூ. செத்தெரூ."

புவனாவின் முகம் வெளிறிவிட்டது. "செத்து... செத்துருவேன்னு சொல்லியிருக்காருங்களா அத்தை? தெரிஞ்சுருச்சா அவருக்கு?"

"இல்ல கண்ணு." சண்முகவள்ளிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "செத்த இருன்னு சொல்லிருக்கான். உங்க ஊர்ல சித்த இருங்கன்னு சொல்லுவீகள்ல, அதான், கொஞ்ச நேரம் இருன்னு. மல்லியப்பூ பறிக்க எழுப்புனா இப்பிடித்தான் சொல்லுவான். போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, செத்த இரும்மா, செத்த இரும்மான்னு."

புவனா வாயைப் பொத்திக்கொண்டாள். பார்பரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புவனா அவளுக்கு அர்த்தம் சொன்னாள். கேட்டதும் அந்தக் கிழவி கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"இருந்தேனேங்கிறாங்க அத்தை. ஆம்புலன்ஸ் வந்து தூக்குற வரைக்கும் கையை விடாம இருந்தேன்னு சொல்றாங்க."

புவனா அந்த அம்மாளின் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு வருஷ அழுகை. பார்பராவும் அழுதாள். மகிழினி கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. சண்முகவள்ளி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றாள். இப்போது வரும் என்று நினைத்தாள். நெஞ்சுக்குள் எங்கேயாவது அசைகிறதா என்று கவனித்தாள். அசையவில்லை. டீ ஆறிப்போய்விட்டது என்பது மட்டும் நாக்குக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வண்டி வந்தது. இரண்டே பெட்டி. கதவு திறந்து நாலு பேர் இறங்கினார்கள், பெஞ்சையும் கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார்கள். விசில் ஊதியது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

"அன்னைக்கு வண்டி வந்துச்சான்னு கேளு புவனா."

புவனா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வந்துச்சாமுங்க. போயிருச்சாமுங்க."

சண்முகவள்ளி தலையாட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகிழினி எழுந்து போய்த் தொட்டிகளை எண்ண ஆரம்பித்தாள். புவனாதான் முதலில் பேசினாள்.

"எங்களைக் கூட்டிட்டுப் போகத்தானுங்க வந்தீங்க?"

"யாரு சொன்னா?"

"பெரிய மாமா எங்கம்மாகிட்ட பேசியிருக்காருங்க."

மறைக்க வேண்டும் என்று சண்முகவள்ளிக்குத் தோன்றவில்லை. "ஆமா. அப்பிடித்தான் சொல்லி விட்டாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நீ என்ன நெனைக்கிற?"

"எனக்கு என்ன நினைக்கிறதுன்னே தெரியலைங்க அத்தை. காலைல எந்திரிக்கிறேன். டூட்டிக்குப் போறேன். வாறேன், இவளுக்கு ஊட்டுறேன். யாரோ செய்யிற மாதிரி இருக்குதுங்க."

"எனக்கும் அப்பிடித்தேன் இருக்கு."

புவனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து மாமியார் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"நீ இங்கயே இரு" என்றாள் சண்முகவள்ளி. "அங்க வந்தா ஆளாளுக்கு உன்னய வச்சுப் பேசுவாக. வேலைக்குப் போகாதம்பாக, வெளிய நிக்காதம்பாக. பிள்ளை இங்க பழகிட்டா. நீ வேலைய விடாத." கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பின்னாடி ஒரு காலத்துல உனக்குத் தொணை வேணும்னு தோணுச்சுன்னா, எங்கிட்ட மறைக்காத. மூணாம் மனுசர் வாயில நான் கேக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

புவனா தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய மனசு என்று அவள் நினைத்திருக்கலாம். சண்முகவள்ளிக்குத் தெரியும், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. போன வருஷம் வரைக்கும் இருந்த சண்முகவள்ளியாக இருந்தால் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே மாட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு பேத்தியைப் பறித்துக்கொண்டு வந்திருப்பாள். இப்போது உள்ளே விட்டுக்கொடுக்க முடியாதது என்று ஒன்றும் மிச்சமில்லை. அதனால் சொல்ல முடிந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே சோலைமலை வந்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்க பிள்ளை?" என்றார்.

"வரலை மாமா."

"கேட்டியா இல்லையா?"

"கூப்பிடலை. அங்கயே இருன்னு சொல்லிட்டு வந்தேன்."

சோலைமலைக்கு முகம் சிவந்துவிட்டது. "சொல்லிட்டு வந்தியா? யாரைக் கேட்டுச் சொன்ன? பிள்ளையப் பறிகொடுத்தவளாட்டமா இருக்க நீ? ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா? கல்லு! கல்லுதேன் நீ!" தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சண்முகவள்ளி கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதில் பிசகு இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

"விடுண்ணே" என்றார் அய்யனார்.

சோலைமலை திரும்பினார். தம்பி இதுவரை அவரை எதிர்த்து வாய் திறந்ததில்லை.

"விடுங்கிறேன்ல. அவ சொன்னது சொன்னதுதேன்." அய்யனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்து அண்ணனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்கப்புறம் பல மாசம் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த அய்யனார், "டேசன் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"சின்ன டேசன். நம்ம அம்பாத்துரை டேசன் மாதிரிதேன். ரெம்பப் பழசு. நல்லா வச்சிருக்காக."

"பெஞ்சு?"

"நல்ல பெஞ்சு. சாஞ்சு உக்காந்துக்கலாம்."

பார்பரா என்கிற அம்மாளைப் பற்றியும் முகேஷ் சொன்ன வார்த்தையைப் பற்றியும் அவருக்குச் சொன்னாள். அய்யனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து போய் உலை வைத்தாள்.

பூ வேலை பழையபடி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை புவனா வீடியோவில் வருவாள். ஒரு வாரம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததைச் சொன்னாள். இப்போது டவுனுக்கு ரயிலில்தான் போகிறேன் என்றும் ஒருநாள் சொன்னாள்.

ஆவணி பிறந்து முகூர்த்த நாட்கள் தொடங்கியிருந்தன. ஒருநாள் காலை சண்முகவள்ளி மல்லிகை மொட்டுக் கூடையை பஸ்ஸின் பின்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சின்னாளபட்டியில் ஏறின ஒரு ஆள் இரண்டு உர மூட்டையைத் தூக்கி நேராகக் கூடைமேல் போட்டான். மூங்கில் நொறுங்கும் சத்தம் கேட்டது. சண்முகவள்ளி எழுந்தாள்.

"ஏலே! கண்ணு இருக்கா இல்லையா உனக்கு?"

அந்த ஆள், "தெரியலக்கா, இப்ப என்ன ஆச்சு" என்றான். அவ்வளவுதான். சண்முகவள்ளி பிடித்துக்கொண்டாள். "என்ன ஆச்சா? என்ன ஆச்சுன்னா கேக்குற? விடியாம எந்திரிச்சு ஒவ்வொரு மொட்டாப் பறிச்சது, உனக்கு என்ன ஆச்சா?" கண்டக்டர் சமாதானம் பண்ண வந்தார், அவருக்கும் விழுந்தது. உர மூட்டைக்காரன் மூட்டையைத் தூக்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான், அப்போதும் விடவில்லை. அவனைப் பெற்றவளை, வளர்த்தவளை, பஸ்ஸை, டிரைவரை, ரோட்டை, எல்லாரையும் எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி ஏசினாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைகிறவரைக்கும் அவள் குரல் நிற்கவில்லை.

மார்க்கெட்டில் நசுங்கின மொட்டைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, மிச்சத்தை விற்றுவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். முகேஷ் போனதற்கப்புறம் அவள் இப்படிச் சத்தம் போட்டது இதுதான் முதல் தடவை. டீ சுட்டது. ஊதிக் குடித்தாள். அய்யனார் போன் பண்ணினார்.

"என்ன, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"தொண்டை கட்டிருச்சு" என்றாள் சண்முகவள்ளி. "பஸ்ல ஒருத்தனப் பேசு பேசுன்னு பேசிட்டேன்."

"நீயா?"

"ஆமா. வாரேன், வந்து சொல்லுறேன்" என்றாள்.